‘தெரியாது’ என்று சொல்லாத கணினி: என் உயிர்த்தகவலியல் படிப்பு

ஆய்வகத்தில் பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டு ஒன்றைப் பல பிரதிகளாகப் பெருக்கும் சோதனை) செய்பவருக்கு ஒரு வசதி உண்டு. சோதனை தோற்றால் பெரும்பாலும் ஜெல்லில் பட்டை தெரியாது. தோற்றுவிட்டது என்பது கண்முன்னே நிற்கும். டி.என்.ஏ., புரதம் போன்ற உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் உயிர்த்தகவலியலில் அந்த வசதி இல்லை. டி.என்.ஏ.வையோ புரதத்தையோ எழுத்துத் தொடராக எழுதிய வரிசையைத் தவறாகக் கொடுத்தாலும், பொருந்தாத தரவுத்தளத்தில் தேடினாலும், கேட்ட கேள்வியே அபத்தமானதாக இருந்தாலும், நிரல் ஓடி முடிந்து, தசமப் புள்ளிக்குப் பின் பல இலக்கங்களோடும் வண்ணப் படத்தோடும் ஒரு விடையைத் தந்துவிடும். இத்துறையில் இளநிலைப் பட்டம் முடித்திருக்கும் நான், அங்கே கற்றது என்ன என்று எண்ணிப் பார்த்தால், கருவிகளின் பெயர்களோ கணினி மொழிகளோ முதலில் நினைவுக்கு வருவதில்லை. வந்து நிற்கும் விடையை நம்பலாமா, தள்ள வேண்டுமா என்று தீர்மானிக்கும் பழக்கம்தான் நினைவுக்கு வருகிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தப் படிப்பைப் பற்றி விசாரிப்பவர்கள் அவ்வப்போது எனக்கு எழுதுகிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் வேலைவாய்ப்பைப் பற்றி. அதற்கும் வருகிறேன், ஆனால் உள்ளே என்ன படிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

என் வகுப்பில் இருந்தவர்களில் பலர் உயிரியல்-கணிதப் பிரிவிலிருந்து வந்தவர்கள். நீட் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்காமல் வந்தவர்கள் உண்டு. கணினி அறிவியலுக்குக் கட்-ஆஃப் எட்டாமல் வந்தவர்கள் உண்டு. உயிரியலை விட மனமில்லாமல், ஆனால் தவளையை அறுக்கவும் விருப்பமில்லாமல் வந்தவர்களும் உண்டு. “ஏம்ப்பா, இது டாக்டர் பக்கமா, கம்ப்யூட்டர் பக்கமா?” என்று என் தாய்மாமா கேட்ட கேள்விக்குப் பட்டம் வாங்கும்வரை அவர் ஏற்றுக்கொள்ளும் பதில் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. முதலாண்டில் பொறியியல் கணிதமும் சி மொழியும் செல் உயிரியலும் உயிர்வேதியியலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் அடுத்தடுத்த பாட வேளைகளில் வந்து போகும். இரண்டாம் ஆண்டில் தரவுக் கட்டமைப்பும் மூலக்கூறு உயிரியலும் வரும்போதுதான் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கும். புதிய துறை என்று கல்லூரிச் சிற்றேடுகள் சொன்னாலும் இது அத்தனை புதியதன்று. மார்கரெட் டேஹாஃப் அமெரிக்காவில் புரத வரிசைகளைத் திரட்டி முதல் தொகுப்பை வெளியிட்டது 1965இல்; அன்று அதில் இருந்தவை 65 புரதங்கள். அமினோ அமிலங்களை ஒற்றை எழுத்தால் குறிக்கும் முறையும் அவர் ஏற்படுத்தியதே. துளை அட்டைகளில் ஏற்ற வேண்டிய எழுத்துகளைக் குறைப்பதற்காகத் தோன்றிய அந்தச் சிக்கனத்தை நாம் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

இத்துறைக்குள் நுழைபவரை முதலில் இடற வைப்பது எண்ணிக்கை. பைத்தான் என்ற கணினி மொழி பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஆர் மொழி ஒன்றிலிருந்து எண்ணும். மரபணுக்களின் இருப்பிடங்களைக் குறித்து வைக்கும் கோப்பு வடிவங்களிலும் இதே பிளவு உண்டு: பெட் வடிவம் பூஜ்யத்தில் தொடங்கி இறுதி எண்ணைச் சேர்க்காமல் விடும், ஜி.எஃப்.எஃப். வடிவம் ஒன்றில் தொடங்கி இறுதி எண்ணையும் சேர்த்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது தொடக்க எண்ணில் ஒன்றைக் கூட்டவோ கழிக்கவோ தவறினால் நிரல் எந்த எச்சரிக்கையும் தராது. ஓரெழுத்து தள்ளி வெட்டப்பட்ட டி.என்.ஏ.வும் பார்ப்பதற்கு டி.என்.ஏ. போலவே இருக்கும், மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்று பிரித்துப் படிக்கும்போதுதான் வேறொரு புரதம் வந்து நிற்கும்.

இதற்கு அரிவாள் செல் சோகையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்துக் குளுடாமிக் அமிலம் வாலினாக மாறுவதால் இந்நோய் வருகிறது என்று பிளஸ் டூ பாடத்திலேயே படித்திருப்போம். மரபணுவில் ஜி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து ஜி-டி-ஜி ஆகிறது. இந்தியாவில் இந்தக் கூறு முதன்முதலில் பதிவானது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே. இப்போது தரவுத்தளத்திலிருந்து பீட்டா குளோபின் வரிசையை இறக்கி, ஒன்றிலிருந்து எண்ணி ஆறாம் எழுத்தைக் கேட்டால், புரோலின் என்று வரும். காரணம், தரவுத்தளத்தில் இருப்பது 147 அமினோ அமிலங்கள் கொண்ட முழு வரிசை. அதன் முதல் எழுத்தான மெத்தியோனின் உடலில் வெட்டி நீக்கப்பட்டுவிடும் என்பதால், பழைய ஆய்வாளர்கள் புரதத்தையே கையில் வைத்துக்கொண்டு எண்ணியபோது அது கணக்கில் வரவில்லை. இன்றைய மரபியல் குறியீட்டில் இதே மாற்றம் ஏழாம் இடத்தில் எழுதப்படுகிறது. பைத்தானில் ஆறு என்று கேட்டால் குளுடாமிக் அமிலமே வரும். பூஜ்யத்திலிருந்து எண்ணும் வழக்கமும் விடுபட்ட மெத்தியோனினும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் வரும் தற்செயல் இது. இன்னும் வேடிக்கை, அதற்கு அடுத்த எழுத்தும் குளுடாமிக் அமிலம்தான்; ஆகவே ஓரிடம் தள்ளிப் பார்த்தவருக்கும் தாம் சரியான இடத்தைத் தொட்டுவிட்டதாகவே தோன்றும். இந்த ஒரு புரதத்தை வைத்து ஒரு முழு வகுப்பு நடத்திய பேராசிரியருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எண்ணிக்கையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று எக்செல். மார்ச்1, செப்ட்1 என்ற ஆங்கிலக் குறியீடுகளைக் கொண்ட மரபணுக்கள் மனிதருக்கு இருந்தன. எக்செலில் அவற்றை இட்டால் மார்ச் முதல் தேதியாகவும் செப்டம்பர் முதல் தேதியாகவும் மாறிவிடும். இந்தச் சிக்கலை 2004ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் எழுதிக்காட்டினார்கள். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இவ்வகைப் பிழை இருப்பதைக் கண்டது. கடைசியில் மென்பொருள் மாறுவதற்குக் காத்திராமல், 2020இல் மரபணுப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது.

இனி, இந்தப் படிப்பின் இதயம் என்று நான் கருதும் பகுதி: இரண்டு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிடுவது. நூறு எழுத்து நீளமுள்ள இரண்டு வரிசைகளை, இடையிடையே வெற்றிடம் விட்டு, எத்தனை விதமாகப் பொருத்தலாம் என்று கணக்கிட்டால், 10-இன் அடுக்கு 58-ஐத் தாண்டும். அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்க்க எந்தக் கணினியாலும் இயலாது. நீடில்மனும் வுன்ஷும் 1970இல் காட்டிய வழியில் 101-க்கு 101 கட்டங்கள், அதாவது 10,201 கட்டங்கள் கொண்ட ஒரு பலகையை நிரப்பினால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எண்களை மட்டுமே ஒப்பிட வேண்டும்: மூலைவிட்டமாக வந்தால் கிடைக்கும் மதிப்பெண், மேலிருந்து வந்தால் கிடைப்பது, இடமிருந்து வந்தால் கிடைப்பது, மூன்றில் பெரியதை எழுதி, எங்கிருந்து வந்தோம் என்று ஓர் அம்புக்குறி இட வேண்டும். பொருந்தினால் கூட்டல் ஒன்று, பொருந்தாவிட்டால் கழித்தல் ஒன்று, வெற்றிடத்துக்குக் கழித்தல் இரண்டு என்று வைத்துக்கொண்டு, ஏழெட்டு எழுத்துள்ள இரண்டு வரிசைகளைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் செய்து பார்த்தால் ஒரு மாலையில் புரிந்துவிடும். கடைசிக் கட்டத்திலிருந்து அம்புக்குறிகளைப் பின்தொடர்ந்து தொடக்கத்துக்கு வரும் அந்தத் தருணத்தில், உயிரியல் கேள்வி ஒன்று கணிதக் கேள்வியாக மாறி விடை கண்டதை நேரில் பார்த்த மகிழ்ச்சி கிடைக்கும். இன்றும் இதைக் கையால் செய்யாமல் நிரல் எழுதத் தொடங்கும் மாணவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இங்கேயும் அதே கதைதான். அந்த வழிமுறை தருவது, நாம் வகுத்த மதிப்பெண் விதிகளின்படி ஆகச் சிறந்த பொருத்தம். அது உயிரியல் உண்மையா என்பதை அது சொல்லாது. நாணயத்தைச் சுண்டி எழுதியதைப் போன்ற இரண்டு தற்செயல் டி.என்.ஏ. வரிசைகளைக் கொடுத்தாலும் நான்கில் ஒரு பங்கு எழுத்துகள் பொருந்தும். வெற்றிடங்களை அனுமதித்தால் இன்னும் கூடுதலாகவே பொருந்தும். மறுபக்கம், தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மயோகுளோபினையும் ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியையும் ஒப்பிட்டால் அமினோ அமிலங்களில் கால் பங்குதான் ஒத்துப்போகின்றன. ஆனால் கென்ட்ரூவும் பெருட்ஸும் அவற்றின் வடிவங்களைக் கண்டறிந்தபோது இரண்டும் ஒரே மடிப்பில் இருந்தன. புரதங்களில் உறவில்லாத இணைகளும் உறவுள்ள இணைகளும் ஒரே விழுக்காட்டைக் காட்டும் மங்கலான எல்லை அது. விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது என்பதால்தான் புள்ளியியல் உள்ளே வருகிறது.

கொடுத்த வரிசையை ஒத்தவற்றைத் தரவுத்தளத்தில் தேடித் தரும் பிளாஸ்ட் கருவி 1990இல் வந்தபோது அதன் வேகம் மட்டும் புதுமையாக இருக்கவில்லை. ஒவ்வொரு பொருத்தத்துக்கும் பக்கத்தில் ஈ-மதிப்பு என்ற ஓர் எண்ணையும் அது அச்சிட்டது. இந்த அளவு மதிப்பெண், இந்த அளவு பெரிய தரவுத்தளத்தில், வெறும் தற்செயலாகவே எத்தனை முறை கிடைத்திருக்கும் என்பதே அந்த எண் சொல்லும் செய்தி. இதில் இரண்டு விளைவுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, தரவுத்தளம் இரட்டிப்பானால் அதே பொருத்தத்தின் ஈ-மதிப்பும் இரட்டிப்பாகும். எனவே சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வேட்டில் எழுதிய ஈ-மதிப்பை இன்று தேடினால் அப்படியே கிடைக்காது. மற்றொன்று, முழுமையான பொருத்தமும் அர்த்தமற்றதாக இருக்கக்கூடும். எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துணுக்கை எடுத்துக்கொள்வோம். இருபது எழுத்துகளால் எட்டெழுத்துச் சொற்கள் 2,560 கோடி அமைக்கலாம். பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் இன்றைய புரதத் தரவுத்தளங்களில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கையும் பல ஆயிரம் கோடி. எனவே நாம் மனம்போனபடி எழுதிய எட்டெழுத்துத் துணுக்கும் எங்கோ ஒரு பாக்டீரியாவில் நூறு விழுக்காடு பொருந்திக் கிடைப்பது இயல்பானதே.

இது வகுப்பறைப் பேச்சாக மட்டும் நிற்கவில்லை. 2020 ஜனவரி இறுதியில், கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதத்தில் எச்.ஐ.வி.யின் புரதத் துணுக்குகளை ஒத்த நான்கு செருகல்கள் இருப்பதாக ஒரு முன்வெளியீட்டுக் கட்டுரை (பிற ஆய்வாளர்கள் மதிப்பாய்வு செய்யும் முன்பே வெளியிடப்படுவது) இணையத்தில் வந்தது. ஊடகங்களில் அது என்ன வேகத்தில் பரவியது என்பது நினைவிருக்கலாம். அந்தத் துணுக்குகளில் சில ஆறெழுத்து, எட்டெழுத்து அளவே நீளமுள்ளவை. அவற்றைத் தரவுத்தளத்தில் தேடிய உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள், தொடர்பே இல்லாத எத்தனையோ உயிரினங்களிலும் அவை கிடைப்பதை உடனே காட்டினார்கள். சில நாட்களிலேயே ஆசிரியர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஓர் இளநிலை மாணவர் ஈ-மதிப்பின் வரையறையைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்தக் கட்டுரையைப் படித்த அன்றே சந்தேகப்பட்டிருக்க முடியும்.

ஆனால் நம் கல்லூரிகளில் இதைச் சொல்லிக்கொடுக்கும் விதம் எப்படி இருக்கிறது? நான் பார்த்த அளவில், பிராக்டிகல் ரெக்கார்டில் ‘நோக்கம், செய்முறை, முடிவு’ என்று மூன்று தலைப்புகள் இருக்கும். செய்முறையில் இணையதளத்தைத் திற, வரிசையை ஒட்டு, பொத்தானை அழுத்து என்று எழுதி, திரைப்படிமத்தை அச்சிட்டு ஒட்ட வேண்டும். முடிவு என்ற இடத்தில் ‘கொடுக்கப்பட்ட வரிசைக்கு பிளாஸ்ட் செய்யப்பட்டது’ என்று எழுதினால் முழு மதிப்பெண். வைவாவில் பிளாஸ்டின் ஆங்கில விரிவாக்கத்தைக் கேட்பார்கள். இந்த ஈ-மதிப்பு ஏன் 0.8 ஆக வந்திருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் அமெரிக்கச் சேவையகம் ஒன்றின் கதவைத் தட்டுவதால் பாதிப் பேருக்குப் பக்கம் திறக்காது. அவர்கள் பக்கத்து இருக்கைக்காரரின் படத்தை வாங்கி ஒட்டிக்கொள்வார்கள். அப்போதும் யாருக்கும் எந்த வேறுபாடும் தெரியாது என்பதே அந்தப் பயிற்சியைப் பற்றிய போதுமான விமர்சனம். இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் பலர் தாவரவியலோ உயிர்வேதியியலோ படித்துவிட்டு, துறை தொடங்கப்பட்டதும் இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர்கள்.

கணினி தெரிந்தால் போதும், உயிரியலைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பயிற்சியைச் சொல்வேன். ஒப்பீட்டுக்கு அடிப்படையாகப் பயன்படும் கொரோனா வைரஸின் மேற்கோள் மரபணுத்தொகுதி 29,903 எழுத்துகள் நீளமுள்ளது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதன் 266ஆம் எழுத்திலிருந்து மும்மூன்றாகப் படித்துப் புரதமாக மொழிபெயர்க்கும் நிரலை எழுதுங்கள். பத்து வரிக்குள் முடிந்துவிடும். அது 4,405 அமினோ அமிலங்களைத் தந்துவிட்டு நிறுத்தக் குறியைக் கண்டு நின்றுவிடும். பிழையில்லாமல் ஓடிய நிரல். பார்வைக்கு நிறைவான விடை. ஆனால் அதே இடத்தில் தொடங்கி 7,096 அமினோ அமிலங்கள் நீளமுள்ள இன்னொரு புரதமும் உருவாகிறது என்று தரவுத்தளம் சொல்லும். செல்லில் புரதத்தைக் கட்டும் ரைபோசோம் 13,468ஆம் எழுத்தை அடையும்போது சில வேளைகளில் ஓரெழுத்து பின்னால் வழுக்கி, அந்த எழுத்தை இரண்டாம் முறை படித்துவிட்டு, வேறு சட்டகத்தில் தொடர்ந்து செல்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ. அங்கே முடிச்சுப்போல் மடிந்திருப்பது இந்த வழுக்கலுக்குத் துணைசெய்கிறது. வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ் நொதி முழுமையாகக் கிடைப்பது இந்த நீண்ட புரதத்திலிருந்துதான். உயிரியல் தெரியாதவரின் நிரல் அந்த நொதியை முற்றிலும் தவறவிட்டுவிடும். தவறவிட்டதை அறிவிக்கவும் செய்யாது.

புள்ளியியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பெருக்கல் போதும். மனிதருக்குப் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. நோயாளிகளுக்கும் நலமானவர்களுக்கும் இடையே ஒவ்வொரு மரபணுவின் செயல்பாட்டையும் ஒப்பிட்டு, பி-மதிப்பு (வேறுபாடே இல்லாதபோதும் இத்தகைய முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழ் வந்தவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதும் சுமார் 1,000 மரபணுக்கள் பட்டியலில் வந்து நிற்கும். அந்த ஆயிரத்தில் புற்றுநோயோடு தொடர்புடையதாக யாராவது எழுதிய மரபணு சில நிச்சயம் இருக்கும். அவற்றைச் சுற்றி ஒரு கதை எழுதிவிடலாம். இத்தகைய போலி முடிவுகளைக் கட்டுப்படுத்தப் பெஞ்சமினியும் ஹாக்பெர்க்கும் 1995இல் தந்த திருத்தமுறையை இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் ஒவ்வொருவரும் பயன்படுத்துகிறார்கள். ஏன் பயன்படுத்துகிறோம் என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு. உயிர்ப்புள்ளியியல் தாளை அரியர் வைத்து, பிறகு எப்படியோ தேறி, அத்தோடு மறந்துவிடும் வழக்கம் எங்கள் துறையில் பரவலாக இருந்தது.

புரத வடிவங்களின் பகுதிக்கு வரும்போது நமக்குப் பெருமைப்படக் காரணம் இருக்கிறது. ஜி.என். ராமச்சந்திரன், தம் மாணவர்களான ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் வெளியிட்ட வரைபடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் உருவானது. அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்பு தட்டையானது என்பதால், சங்கிலி வளைவதற்கு ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் ஃபை, சை என்ற இரண்டு கோணங்களே மிஞ்சுகின்றன. அணுக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கலாம் என்ற தூரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தக் கோணங்களில் எவை இயலும், எவை இயலாது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வரைபடத்தின் பெரும்பகுதி இயலாத பரப்பாக ஆனது. பக்கச் சங்கிலியாக ஒரு ஹைட்ரஜன் அணுவை மட்டுமே கொண்ட கிளைசினுக்கு மட்டும் கூடுதல் இடம் கிடைத்தது. அப்போது அணு அளவில் வடிவம் தெரிந்த புரதங்கள் அரிது. புரத வடிவங்களுக்கான பொதுத் தரவுத்தளம் தொடங்கப்பட்டதே 1971இல், ஏழே வடிவங்களோடு. அந்தத் தரவுத்தளம் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்ட இன்றும், புதிதாக யார் ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தாலும் அதன் கோணங்களை ராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுத்தான் முதலில் சோதிக்கிறார்கள். விடை தருவதற்கு ஆயிரம் கருவிகள் உள்ள துறையில், விடையைச் சோதிப்பதற்கு ஒரு கருவியைத் தந்தவர் என்ற முறையில் அவர்மீது எனக்குத் தனி மதிப்பு.

சோதிக்காத விடைகள் பெருகிய இடம் என்றால் அது மூலக்கூறு டாக்கிங், அதாவது ஒரு சேர்மம் ஒரு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது. பெருந்தொற்றுக் காலத்தில் கபசுரக் குடிநீரின் மூலிகைச் சேர்மங்களைக் கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸோடு (வைரஸின் புரதங்களை வெட்டிப் பிரிக்கும் நொதி) பொருத்திப் பார்ப்பது எத்தனையோ பேருக்கு இறுதியாண்டுத் திட்டப்பணியாக அமைந்தது. ஆய்வகங்கள் மூடியிருந்தபோது மடிக்கணினியில் செய்யக்கூடிய வேலை என்பதால் அந்தத் தேர்வு எனக்குப் புரிகிறது. டாக்கிங் நிரலும் எந்தச் சேர்மத்தைக் கொடுத்தாலும் ஏதோ ஓர் ஆற்றல் மதிப்பைத் தரும்; அது எவ்வளவு குறைவோ அவ்வளவு வலுவாகச் சேர்மம் ஒட்டும் என்று பொருள். கழித்தல் 7.1 பெற்ற சேர்மத்தைவிடக் கழித்தல் 7.4 பெற்றது சிறந்தது என்று அட்டவணை போடுவார்கள். அந்த மதிப்பீட்டின் வழக்கமான பிழையோ ஒரு மோலுக்கு 2 முதல் 3 கிலோ கலோரி. குறைந்தபட்சம், புரதத்தில் பொருந்தியிருக்கும் நிலை ஏற்கெனவே தெரிந்த ஒரு சேர்மத்தை வெளியே எடுத்து மீண்டும் பொருத்தி, 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) பழைய இடத்துக்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும். பலரும் எடுத்துக்கொண்ட 6எல்யு7 என்ற வடிவத்தில் அதுவும் எளிதன்று. அதிலுள்ள தடுப்பான் 145ஆம் சிஸ்டீனோடு வேதிப்பிணைப்பால் கட்டுண்டிருக்கிறது, சாதாரண டாக்கிங் அத்தகைய பிணைப்பைக் கணக்கில் கொள்வதில்லை. மூலிகைகளுக்குப் பயன் உண்டா என்ற கேள்வி வேறு. அதற்கு இந்த அட்டவணைகள் எந்தப் பக்கமும் சான்றாகா.

வரிசையை வைத்தே புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்ட பிறகு இதைப் படித்து என்ன பயன் என்ற கேள்வியும் வருகிறது. 2020இல் நடந்த புரத வடிவக் கணிப்புப் போட்டியில் அது பெற்ற வெற்றியும், 2022இல் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் கணித்த வடிவங்கள் பொதுவில் வைக்கப்பட்டதும், டேவிட் பேக்கருக்கும் டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் 2024இன் வேதியியல் நோபல் கிடைத்ததும் எல்லோரும் அறிந்தவை. இங்கே ஆறுதலான செய்தி, இந்தக் கருவி தன் ஐயத்தையும் உடன் எழுதித் தருகிறது: ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் நூற்றுக்கு ஒரு நம்பக மதிப்பெண் உண்டு; 90-க்கு மேல் என்றால் உறுதி, 50-க்குக் கீழ் என்றால் அப்பகுதிக்கு நிலையான வடிவமே இல்லாமல் இருக்கலாம். அந்த எண்ணைப் பார்க்காமல் படத்தை மட்டும் எடுத்து ஒட்டுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மேலே சொன்ன அரிவாள் செல் மாற்றத்தையே கொடுத்துப் பார்த்தாலும், ஒற்றைச் சங்கிலியின் வடிவம் ஏறக்குறைய மாறாமலேயே வரும். ஆக்சிஜனை விட்டுவிட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாவதில்தான் அந்த நோய் இருக்கிறது. தனிச் சங்கிலியின் மடிப்பில் அதைத் தேடினால் கிடைக்காது. இதை அறிந்து கேள்வி கேட்பவர் தேவைப்படாத நாள் வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

வேலைக்கு வருகிறேன். இளநிலைப் பட்டத்தோடு நின்றால் இத்துறையிலேயே கிடைக்கும் வேலைகள் குறைவு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. என்னோடு படித்தவர்களில் கணிசமானோர் வளாக நேர்காணலில் மென்பொருள் நிறுவனங்களுக்குச் சென்றுவிட்டார்கள். அதில் தவறும் இல்லை. தொடர விரும்புபவர்கள் முதுநிலையோ முனைவர் பட்டமோ நோக்கித்தான் போக வேண்டும். முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் உயிர்த்தொழில்நுட்பத் தாள் இருக்கிறது; சென்னை ஐ.ஐ.டி.யிலும் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் கணிப்பீட்டு உயிரியல் ஆய்வுகள் நடக்கின்றன. மருத்துவ மரபணுப் பரிசோதனை நிறுவனங்களில் வேலை வளர்ந்துவருகிறது. அங்கே ஒரு நோயாளியின் லட்சக்கணக்கான மரபணு மாறுபாடுகளிலிருந்து நோய்க்குக் காரணமானதைப் பிரித்தெடுக்க வேண்டும். அரிதான மாறுபாடா என்பது முதல் கேள்வி. எங்கே அரிது என்பது அடுத்த கேள்வி. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் மாறுபாடு தெற்காசியர்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் உண்டு என்று, மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற ஆய்வு 2009இல் காட்டியது. ஐரோப்பியத் தரவை மட்டும் வைத்துத் தேடினால் அது அரிது என்றே விடை வரும். 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டமும், 2022இல் ஃபரிதாபாத்தில் தொடங்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையமும் இந்த வகையில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானவை.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் கட்டடத்தையும் பேருந்து வசதியையும் பார்த்த பிறகு, முந்தைய ஆண்டுகளின் இறுதியாண்டுத் திட்டப்பணித் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். தலைப்புகள் அனைத்தும் ஏதோ ஒரு மூலிகையை ஏதோ ஒரு புரதத்தோடு பொருத்துவதாகவே இருந்தால், வேறு கல்லூரியையும் பார்ப்பது நல்லது. கணினியில் அல்லாமல் வேதிப்பொருள்களோடு நேரடியாகச் சோதனை செய்யும் ஈர ஆய்வகம் இருக்கிறதா, ஒரு முறையாவது டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துப் பார்க்க விடுவார்களா, கணினிகளில் லினக்ஸ் இருக்கிறதா, புள்ளியியலை எந்தத் துறை ஆசிரியர் எடுக்கிறார் என்பவற்றையும் விசாரிக்கலாம். எதுவும் அமையாத கல்லூரியில் சேர நேர்ந்தாலும் வழி அடைபட்டுவிடாது: என்.பி.டி.இ.எல். என்ற இணைய வகுப்புத் தளத்தில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் இருக்கின்றன; ரோசலிண்ட் என்ற தளத்தில் டி.என்.ஏ. எழுத்துகளை எண்ணுவதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும் நிரல் கணக்குகள் இருக்கின்றன. நான் மேலே சொன்ன பயிற்சிகளில் எதற்கும் பழைய மடிக்கணினியும் கட்டம் போட்ட தாளும் தவிர வேறு செலவு இல்லை.